கசிவின் சரித்திரம்

மோட்டார் வண்டி கிளம்பிப் போன பிறகு, அது நின்றிருந்த தரையைக் குனிந்து பார்க்கும் வழக்கம் பழைய டிரைவர்களுக்கு உண்டு. தரையில் கிடக்கும் கறையைப் பார்த்தே வண்டியின் தேக நிலையைச் சொல்லி விடுவார்கள். கறுப்பாக, வழவழவென்று இருந்தால் எஞ்சின் எண்ணெய். சக்கரத்தின் உட்பக்கமாக ஈரம் கண்டால் பிரேக் எண்ணெய். அதைக் கண்டவர்கள் வண்டியை எடுக்கவே மாட்டார்கள். முன் பக்கம், விசிறிக்கு நேர் கீழே தண்ணீர் சொட்டியிருந்து, காய்ந்த இடத்தில் துருவின் செம்மை தெரிந்தால், "வாட்டர் பம்பு போகப் போகிறது" என்பார்கள். போய்விட்டது என்று சொல்வதில்லை. போகப் போகிறது என்றுதான் சொல்வார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள அவகாசத்தைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறேன். அந்த அவகாசம் இயற்கையாக வாய்த்ததல்ல. பல பேர் பல தேசங்களில் மண்டையை உடைத்துக்கொண்டு நமக்குச் சம்பாதித்துக் கொடுத்தது.

மோட்டார் வண்டியின் சரித்திரத்தைப் படிக்கும்போது வேகத்தைப் பற்றியும் குதிரைச் சக்தியைப் பற்றியும் நிறையப் படிக்கிறோம். நெருப்பை ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு பிரயாணம் செய்கிறோம் என்பது மட்டும் மறந்து போகிறது. பெட்ரோல் எரிந்து பிறக்கும் உஷ்ணத்தில், பழைய எஞ்சின்களில், கால் பங்கு சக்கரத்தைச் சுழற்றப் பயன்பட்டால் பெரிது. ஒரு பெரும் பங்கு புகைக் குழாய் வழியே போய்விடும். மற்றொரு பெரும் பங்கு எஞ்சினின் இரும்பிலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதை அவ்வப்போது வெளியேற்றாவிட்டால், எண்ணெய் தீய்ந்து, பிஸ்டன் பருத்துச் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு, வண்டி நடுச்சாலையில் உயிரை விட வேண்டியதுதான்.

1886-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் தேதி கார்ல் பென்ஸ் ஜெர்மனியில் தமது மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கேட்டு மனுச் செய்தார். அந்த வண்டியில் நீர் பம்பும் கிடையாது. இன்று நாம் அறிந்த ரேடியேட்டரும் கிடையாது. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் நின்றது. அது கொதித்து ஆவியாகப் போகும். போகும்போது உஷ்ணத்தையும் கொண்டு போகும். அவ்வளவுதான் ஏற்பாடு. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பென்ஸின் மனைவி பெர்த்தா, இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்தாள். விஸ்லோக் என்னும் ஊரில் மருந்துக் கடையில் அவள் எரிபொருள் வாங்கிய கதையை எல்லோரும் சொல்வார்கள். அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை தண்ணீர். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. மாட்டு வண்டிக்காரன் காளைக்குத் தண்ணீர் காட்டுவதைவிட அதிகத் தடவை அவள் வண்டிக்குத் தண்ணீர் காட்டியிருப்பாள்.

பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு, 1900-ஆம் ஆண்டில், வில்ஹெல்ம் மைபாக் என்ற ஜெர்மானிய எஞ்சினீயர் இதற்கு ஒரு வழி கண்டார். தேன்கூட்டைப் போன்ற ரேடியேட்டர் அது. 35 குதிரைச் சக்தி கொண்ட முதல் மெர்ஸிடிஸ் வண்டிக்காக, 6 மில்லிமீட்டர் சதுரமுள்ள 8,070 சிறு குழாய்களை ஒன்றோடொன்று பற்ற வைத்து அவர் அதைச் செய்தார். குழாய்களுக்குள் காற்று போகும். குழாய்களின் இடுக்கில் தண்ணீர் இறங்கும். அந்த அமைப்பில் ஏறக்குறைய 9 லிட்டர் தண்ணீரே போதுமானதாயிற்று. ஆனால் கொஞ்சத் தண்ணீரை வைத்துக்கொண்டு நிறைய உஷ்ணத்தைச் சுமக்க வேண்டுமானால், அந்தத் தண்ணீர் ஓயாமல் ஓட வேண்டும். அதை ஓட்டுவதற்குத்தான் பம்பு வந்தது.

அந்தப் பம்பு மோட்டார் வண்டியைவிட மிகப் பழையது. மோர் கடைகிற பானையைப் பாருங்கள். மத்து சுழலும்போது நடுவில் பள்ளம் விழுகிறது. மோர் பானையின் விளிம்பை நோக்கி ஏறுகிறது. அந்த விளிம்பில் ஒரு வழி வைத்து, நடுவில் புதிதாக மோர் வந்து விழவும் ஒரு வழி வைத்து விட்டால் அதுவே பம்பு. இந்தத் தத்துவத்தில் பிரெஞ்சுக்காரரான தெனி பப்பேன் 1689-லேயே ஒரு பம்பு செய்தார். 1851-ஆம் ஆண்டு லண்டன் மகா கண்காட்சியில் ஜான் ஆப்போல்டு என்பவர் வளைந்த இதழ்கள் வைத்த பம்பைக் காட்டினார். நேரான இதழைவிட வளைந்த இதழ் எவ்வளவோ அதிகத் தண்ணீரைத் தள்ளும் என்பது அங்கே நிரூபணமாயிற்று. இங்கிலாந்தில் விட்டில்ஸி என்ற ஏரியை வற்றடித்து வயலாக்கியது அவருடைய பம்புதான். ஏரியை இறைத்த அந்தச் சக்கரமே ஓர் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி மோட்டார் வண்டிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

உட்கார்ந்ததுமே ஒரு வழக்கும் தொடங்கிற்று. இதழ்ச் சக்கரம் தண்ணீருக்குள் இருக்கிறது. அதைச் சுழற்றும் விசை வெளியே இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் இரும்புத் தண்டு பம்பின் சுவரைத் துளைத்துக்கொண்டு போக வேண்டும். தண்டு போகிற வழியில் தண்ணீரும் வெளியே வரப் பார்க்கும். வழியை இறுக்கினால் தண்டு சுழலாது. தளர்த்தினால் தண்ணீர் நிற்காது. இந்த ஒரு வழக்குக்குத்தான் நூறு வருஷமாகத் தீர்ப்பு எழுதி வருகிறார்கள்.

ஹென்றி போர்டு எழுதிய தீர்ப்பு மிகவும் சுருக்கமானது. பம்பே வேண்டாம் என்று விட்டார். 1908-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வெளிவந்த அவருடைய 'மாடல் டி' வண்டியில், முதல் 2,500 வண்டிகள் வரையில் பல்சக்கரத்தால் ஓடும் நீர் பம்பு இருந்தது. 1909-லேயே அதை எடுத்து விட்டார்கள். உலையில் அரிசி கொதிக்கும்போது, அடியில் சூடான தண்ணீர் மேலே எழும்ப, மேலே ஆறிய தண்ணீர் கீழே இறங்க, அரிசி ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கிறோம். எஞ்சினில் சூடான நீர் தானாக எழும்பி ரேடியேட்டரின் தலைக்குப் போகும். அங்கே ஆறி, தானாக இறங்கி எஞ்சினின் அடிக்கு வரும். சுழலும் தண்டு இல்லை; ஆகையால் தண்டின் வழியே கசிவும் இல்லை. இந்த ஏற்பாட்டோடு 1927 வரையில் ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளிவந்தன.

இதற்கு ஒரு குறை உண்டு. ரேடியேட்டரின் மேல் குழாய்க்குக் கீழே நீர் மட்டம் இறங்கி விட்டால் ஓட்டம் நின்று போகும். மேட்டில் பாரத்தோடு ஏறினாலும், வெயில் காலத்தில் மெதுவாக ஊர்ந்தாலும் தண்ணீர் கொதித்து விடும். 'மாடல் டி'க்கென்று வேறு பல கம்பெனிகள் தனியாகப் பம்பு செய்து விற்றன; விவசாயிகள் வாங்கியும் மாட்டிக்கொண்டார்கள். போர்டு தள்ளி வைத்ததை ஜனங்கள் காசு கொடுத்துத் திரும்ப அழைத்து வந்தார்கள்.

1927 டிசம்பரில் 'மாடல் ஏ' வந்தபோது போர்டே அதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பழைய வண்டிக்கு 20 குதிரைச் சக்தி, இதற்கு 40. இரண்டு மடங்கு உஷ்ணத்தைத் தானாக எழும்பும் தண்ணீரை மட்டும் நம்பி விட முடியவில்லை. எஞ்சினின் தலைப்பாகத்தில், முன்பக்கம், விசிறியையும் பம்பையும் ஒரே தண்டில் வைத்தார்கள். தண்டு வெளியே வரும் இடத்தில் கிராபைட் தடவிய கயிறு. அதன்மேல் ஒரு மரை. மரையைத் திருகினால் கயிறு நசுங்கித் தண்டை அணைத்துக்கொள்ளும்.

இது நமக்குப் புதிய சங்கதி அல்ல. கிணற்று மேட்டில் மோட்டார் பம்பு வைத்திருக்கும் எந்த விவசாயியையும் கேளுங்கள். 'கிளாண்டு கயிறு' என்று சொல்வார். அந்தக் கயிற்றை எப்படி இறுக்க வேண்டும் என்றும் சொல்வார். சொட்டே விழாதபடி இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால் கயிறு சூடேறித் தண்டை அரித்து விடும். பிறகு எத்தனை கயிறு வைத்தாலும் நிற்காது. அவ்வப்போது ஒரு சொட்டு விழ வேண்டும். அந்தச் சொட்டுத்தான் தண்டுக்கும் கயிற்றுக்கும் நடுவே குளிர்ச்சி. அதாவது, அந்தக் காலத்து நீர் பம்பில் கசிவு என்பது நோயாகக் கருதப்படவில்லை. அளவோடு இருந்தால் ஆரோக்கியம், அளவு மீறினால் நோய். அளவை அறிய வண்டிக்காரன் தினமும் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. மரையை ஒரு கால் சுற்றுத் திருகுவதும், கிரீஸ் வைப்பதும் அவனுடைய நித்திய கர்மங்களில் சேர்ந்திருந்தன.

1932-இல் போர்டு தமது எட்டு சிலிண்டர் எஞ்சினை வெளியிட்டார். அதில் இரண்டு பம்புகள். அவற்றைச் சிலிண்டர்களின் தலைப்பாகத்தில், சூடான நீர் வெளியேறும் இடத்தில் வைத்திருந்தார்கள். கொதிநிலையை எட்டிய நீரை உறிஞ்சப் பார்த்தால், உறிஞ்சும் இடத்தில் அது ஆவியாகி விடும். ஆவியை இதழ்ச் சக்கரத்தால் தள்ள முடியாது. வண்டி சூடேறுகிறது என்ற புகார் அந்த எஞ்சினை வருஷக்கணக்கில் தொடர்ந்தது. 1937-இல் பம்புகளைக் கீழே கொண்டு வந்து, ரேடியேட்டரில் ஆறிய நீரை எஞ்சினுக்குள் தள்ளும்படி மாற்றினார்கள். பம்பு எப்படிப்பட்டது என்பதோடு அது எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம் என்று தெரிந்துகொள்ள ஐந்து வருஷம் பிடித்தது.

அடுத்த மாறுதல் ரேடியேட்டர் மூடியில் வந்தது. மூடிக்குள் ஒரு வில் வைத்து, உள்ளே அழுத்தம் ஏறும்படி செய்தார்கள். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் கூடினால் தண்ணீர் சுமார் 110 டிகிரி வரையில் கொதிக்காமல் இருக்கும். எஞ்சினுக்கு இது பெரிய லாபம். ஆனால் கயிற்றுக்கு இது பெரிய சோதனை. அழுத்தத்தோடு மோதும் தண்ணீரைக் கயிறு எத்தனை நாள் தாங்கும்? ஆகவே கயிறு போய், சீல் வந்தது.

இந்தச் சீலின் அமைப்பு வேடிக்கையானது. கரியினால் செய்த ஒரு வளையம் அசையாமல் நிற்கும். அதன் முகத்தோடு முகம் வைத்து மற்றொரு வழவழப்பான வளையம் தண்டோடு சேர்ந்து சுழலும். ஒரு வில் இரண்டையும் ஒன்றாக அழுத்திப் பிடித்திருக்கும். இரண்டு முகங்களுக்கும் நடுவே தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். அந்த ஈரத்தில்தான் அவை தேயாமல் சுழல்கின்றன. தினமும் மரை திருக வேண்டியதில்லை. கிரீஸ் வைக்க வேண்டியதில்லை. வருஷக்கணக்கில் ஒரு சொட்டும் வெளியே தெரியாது.

இங்கேதான் ஓர் ஆபத்தும் நுழைந்தது. கசிந்துகொண்டே இருக்கும் பம்பை மனிதன் கவனிப்பான். கசியாத பம்பை மறந்து விடுவான். சீலுக்குப் பக்கத்திலேயே, அதே தண்டின் மேல், கிரீஸ் நிரப்பிய பேரிங்கு இருக்கிறது. சீல் தேய்ந்து உள்ளுக்குள்ளேயே தண்ணீர் கசிந்தால் அது பேரிங்குக்குள் போகும். கிரீஸைக் கழுவும். குண்டுகள் துருப்பிடித்து அரையும். தண்டு ஆடத் தொடங்கும். அந்தத் தண்டின் நுனியில்தான் பல வண்டிகளில் விசிறி இருக்கிறது. தண்டு உடைந்தால் விசிறி ரேடியேட்டரைக் கிழித்துக்கொண்டு போகும்.

இதைத் தடுக்க எஞ்சினீயர்கள் செய்தது ஒரு சின்ன வேலை. சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே, பம்பின் அடிப்பக்கத்தில், ஒரு சிறு துவாரம் போட்டார்கள். சீலைத் தாண்டும் தண்ணீர் பேரிங்கை எட்டுமுன் அந்தத் துவாரத்தின் வழியே தரையில் சொட்டி விடும். பம்பு தன் நோயை உள்ளுக்குள் விழுங்காமல் வெளியே சொல்லும்படி செய்து விட்டார்கள். இவ்வளவு நீண்ட சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் எது என்று கேட்டால், இந்தத் துவாரத்தைத்தான் சொல்வேன். கசிவை அடியோடு ஒழிக்க முடியாது என்று தெரிந்துகொண்ட மனிதர்கள், அது காலத்தில் நமக்குத் தெரியட்டும் என்று வழி செய்தார்களே, அதில் ஒரு முதிர்ச்சி இருக்கிறது.

அந்தத் துவாரத்தின் அருமையை நான் ஏற்காடு மலைப்பாதையில் கண்டேன். வாடகைக்கு எடுத்த பழைய கார் ஒன்றில் போய்க்கொண்டிருந்தோம். பாதி மலை ஏறுவதற்குள் முன்பக்கத்தில் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. டிரைவர் இளைஞன். "பெல்ட்டு சத்தம், சார். ஈரம் பட்டிருக்கும்" என்றான். அடுத்த வளைவில் சத்தம் கரகரப்பாக மாறியது. பிறகு எஞ்சின் பக்கமிருந்து புகையைப் போல ஆவி எழும்பியது. வண்டியை ஓரமாக நிறுத்தி, ஆற விட்டு, மூடியைத் திறந்து பார்த்தபோது விசிறியைக் கையால் பிடித்து ஆட்ட முடிந்தது. ஆடும் பல்லைப் போல ஆடிற்று.

சேலத்திலிருந்து வந்த வயதான மெக்கானிக் பம்பைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பினார். அடித் துவாரத்தில் ஒரு மரத் துண்டு செருகி, அதன்மேல் பிசின் பூசியிருந்தது. அவர் அதைக் கத்தி முனையால் நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். தீக்குச்சியில் பாதி இருக்கும்.

"யாரு தம்பி இதை அடைச்சது?" என்று டிரைவரைக் கேட்டார்.

"ஓனர்தான் அடைக்கச் சொன்னாருண்ணே. தினமும் ஒழுகுது, வாடகைக்கு வர்றவங்க பார்த்தா வண்டி வேண்டாம்னு போயிடறாங்கன்னு..."

"ஒழுகினப்ப மாத்தியிருந்தா பம்பு மட்டும் போயிருக்கும்" என்றார் மெக்கானிக். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பேரிங்கு பொடிந்து, ரேடியேட்டரும் காயப்பட்டிருந்தது. பள்ளத்தாக்கின் விளிம்பில், இன்னும் நாலு வளைவு மேலே, எஞ்சின் பிடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் காரில் இருந்த எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கசிவை மறைக்கும் ஆசை ஒரு முதலாளிக்கு மட்டும் உரியதல்ல. ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டுவது நம் ஊர் வைத்தியம். அமெரிக்காவில் கடுகுத் தூளையும் முட்டையையும் போட்டுப் பார்த்தார்கள். ரேடியேட்டரில் ஊசித் துவாரம் விழுந்தால் இவை பக்கத்து ஊர் போகும் வரையில் கைகொடுக்கும். பம்பின் சீலுக்கு இவை உதவா. சுழலும் முகத்தில் தூள் எப்படி ஒட்டும்? அந்தத் தூள் ரேடியேட்டரின் மெல்லிய வழிகளை அடைத்து, வேறொரு நோயை உண்டாக்கி வைக்கும்.

பம்பை மாற்றுவதும் அப்படியொன்றும் மலையைப் பிளக்கும் வேலை அல்ல. நம் நாட்டில் பெரும்பாலோர் பார்த்திருக்கக் கூடிய உதாரணம் அம்பாஸிடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை ஒட்டி, கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1950-களின் கடைசியிலிருந்து 2014 வரையில் செய்யப்பட்டது. அதில் நெடுங்காலம் இருந்த 1,489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினில் பம்பு எஞ்சினின் நெற்றியில், கண்ணுக்கு எதிரே இருக்கும்.

முதலில் எஞ்சின் நன்றாக ஆற வேண்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டவர்கள் அநேகர். பிறகு தண்ணீரை வடித்து, டைனமோவைத் தளர்த்திப் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். ரேடியேட்டரையும் எடுத்து விட்டால் கை தாராளமாகப் போகும். விசிறியும் அதன் பின்னுள்ள கப்பியும் ஒன்றாக வந்துவிடும். பம்பின் போல்ட்டுகளை எடுத்து, மரச் சுத்தியால் மெல்லத் தட்டினால் பம்பு கையோடு வரும். வேலையில் அதிகப் பொறுமை கேட்பது அடுத்த பகுதி. பழைய காகித வளையம் எஞ்சினின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு துணுக்கு மிச்சமிருந்தாலும் புதிய பம்பும் ஒழுகும். இரும்பில் கீறல் விழாமல் அதைச் சுரண்டி எடுத்து, துடைத்து, புதிய வளையம் வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். வீணைத் தந்தியைப் போல இறுக்கினால் புதிய பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். கடைசியில் தண்ணீர் ஊற்றி, எஞ்சினை ஓட விட்டு, உள்ளே அடைபட்ட காற்று வெளியேறிய பிறகு மறுபடியும் மட்டம் பார்த்து ஊற்ற வேண்டும்.

கயிறு வைத்த பம்பைத் தெருவிலேயே ரிப்பேர் செய்யலாமே, இப்போது முழுப் பம்பையும் தூக்கி எறிய வேண்டியிருக்கிறதே என்று வருந்துகிறவர்கள் உண்டு. வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. கயிற்றின் இறுக்கத்தை விரலால் அறிந்த தொழிலாளியின் கைத்திறம் அந்த மாறுதலில் பெரும்பாலும் மறைந்து போயிற்று. ஆனால் அமெரிக்காவில் 'மாடல் ஏ' வண்டியைப் போற்றி வைத்திருக்கும் ரசிகர்களே, பழைய கயிற்றுப் பம்பை எடுத்து விட்டு, நவீன சீல் வைத்த கசியாத பம்பைப் பூட்டிக்கொள்கிறார்கள். வெளித் தோற்றம் 1928. உள்ளே இருப்பது இந்தக் காலம். பழமையை நேசிப்பவர்களும் தினமும் மரை திருகுவதை நேசிக்கவில்லை என்று தெரிகிறது.

இன்றைய வண்டிகளில் பம்பு கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது. சில எஞ்சின்களில் அதை டைமிங் பெல்ட்டு ஓட்டுகிறது. மூடிக்குள் இருப்பதால் கசிவு வெளியே தெரியத் தாமதமாகும். ஆகவே அந்தப் பெல்ட்டை மாற்றும்போதே பம்பையும் சேர்த்து மாற்றி விடுகிறார்கள். சில வண்டிகளில் பம்பை மின்சாரமே சுழற்றுகிறது. பெட்ரோலே இல்லாத மின்சாரக் கார்களிலும் பாட்டரியின் சூட்டைத் தணிக்கக் குழாய்களில் நீர் ஓடுகிறது. அதை ஓட்ட அங்கேயும் பம்பு உண்டு. சூடு அதிகமானால் விளக்கு எரிந்து எச்சரிக்கிறது. ஆனால் அந்த விளக்கு எரியும்போது சூடு ஏறியாகி விட்டது. துவாரத்தில் விழும் முதல் சொட்டோ, சூடு ஏறுவதற்குப் பல நாள் முன்பே விழுந்து விடுகிறது.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லக் கூடியது இதுதான். காலையில் வண்டியை எடுத்த பின் ஒரு நிமிஷம் இறங்கித் தரையைப் பாருங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது விசிறியைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். பம்பு சொட்டினால் துவாரத்தை அடைக்காதீர்கள்; மலையேறும் பிரயாணத்தைத் தள்ளிப் போட்டு விட்டுப் பம்பை மாற்றுங்கள்.